பத்தாயமும் டேனியப் பேழையும்

நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் மேசை, அலமாரி, சாவி, சன்னல் என்பன போர்த்துக்கேசியர் வழியாக வந்தவை. பழம்பொருள் விற்குமிடத்தில் கேட்கும் ஏலம் என்ற சொல்லும் அவர்கள் தந்ததே. உடையும் நகையும் வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டகத்தைப் பீரோ என்கிறோமே, அது பிரெஞ்சுச் சொல். இவ்வாறு கடல் வழியே வந்த சொற்களை எண்ணிப் பார்த்தோர் பலர். கடல் வழியே சென்ற சொற்களை எண்ணிப் பார்த்தோர் சிலரே. தேக்கு என்னும் நம் சொல், இம்மலையாளக் கரையில் போர்த்துக்கேசியர் நாவிலேறித் தேகா ஆயிற்று. ஆங்கிலேயர் அதனை டீக் என்றனர். வடகடலோரத்து டேனியரும் அப்பெயரையே மேற்கொண்டனர்.

டேனியர் இங்கு எதற்கு வந்தனர் என்று வினவுவார்க்கு விடை கூறுவோம். கலூரிலும் சுற்றுப்புறங்களிலும் எழும்பியுள்ள அடுக்குமாடி வீடுகளில், உண்ணும் அறையின் சுவரோரமாகத் தாழ்ந்து நீண்ட அலமாரி ஒன்று நிற்பதை இன்று பரவலாகக் காண்கிறோம். இடுப்பளவு உயரம், ஓர் ஆள் படுக்குமளவு நீளம், கீழ்நோக்கிக் கூம்பிய நான்கு கால்கள், பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவுகள், நடுவே சில இழுப்பறைகள். சைடுபோர்டு என்று கடைக்காரர் கூறுவர். இதன் மூல வடிவம் 1950-களிலும் 1960-களிலும் டென்மார்க்கு நாட்டில் உருப்பெற்றது. அந்நாளில் அதனைப் பெரும்பாலும் தேக்கு மரத்தாலேயே செய்தனர். தேக்கு விளையாத குளிர்நாட்டில் தேக்குப் பேழை பிறந்த கதையும், தேக்கு விளையும் நம் நாட்டுப் பேழைகள் மட்டாஞ்சேரிக் கடைகளுக்கு வந்து சேர்ந்த கதையும் ஒருங்கே வைத்து நோக்கத்தக்கவை.

முதலில் மரத்தைக் காண்போம். செங்கடற்கரையில் உள்ள பெரனிகே என்னும் பழந்துறைமுகத்தை அகழ்ந்தபோது, கப்பல்களிலிருந்து பிரித்தெடுத்துக் கட்டடங்களில் மீண்டும் பயன்படுத்திய தேக்கு மரத்துண்டுகள் கிடைத்தன. இம்மரம் மேற்கே சென்றது அத்துணைத் தொன்மை வாய்ந்தது. தேக்கின் வைரத்தில் இயல்பாகவே ஒருவகை எண்ணெய்ப் பசை உண்டு. ஆதலின் நீரில் எளிதில் மட்காது. கறையான் அணுகத் தயங்கும். வெயிலிலும் மழையிலும் பிற மரங்களைப் போல் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. தன்னுள் அறைந்த இரும்பாணியையும் அரிக்காது. கப்பல் கட்டுவோர்க்கு இதனினும் வேண்டுவது யாது? 1817-ஆம் ஆண்டு பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பலொன்று இங்கிலாந்தில் ஆர்ட்டில்பூல் துறையில் இன்றளவும் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் 'டிரிங்கமலி'. நம் திருகோணமலையே அவ்வாறு திரிந்தது.

பம்பாய்க் கப்பல்துறையின் பசிக்கு மலபார்க் காடுகள் இரையாயின. வெட்டியவர் நடவில்லை. ஆகவே 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி என்பார், சாத்து மேனோனைத் துணைக்கொண்டு நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் தலைப்பட்டார். உலகிலேயே மனிதர் நட்ட தேக்குத் தோட்டங்களுள் மிகப் பழையது அது. அதன் ஒரு பகுதியைக் கனோலித் தோட்டம் என்ற பெயரால் இன்றும் காத்து வருகின்றனர். தேக்கு விதை எளிதில் முளைப்பதன்று. பலமுறை முயன்று தோற்ற பின்னரே சாத்து மேனோன் அதன் வழியைக் கண்டார். நூல்களில் கனோலியின் பெயர் பெரிதாகவும் மேனோன் பெயர் சிறிதாகவும் இருப்பது அக்காலத்து வழக்கம். நாம் அவ்வழக்கத்தைத் தொடர வேண்டுவதில்லை.

கொச்சி அரசும் பின்தங்கவில்லை. பறம்பிக்குளம் காடுகளிலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் காட்டு டிராம் பாதை அமைத்து, 1907 முதல் தேக்கையும் ஈட்டியையும் கீழிறக்கியது. சாலக்குடியிலிருந்து மரம் இரயில் வழியாகக் கொச்சிக்கு வந்தது. 1963-இல் அப்பாதை மூடப்பட்டது. பறம்பிக்குளம் கேரளத்துக்கு உரியதாயினும், வண்டியில் செல்வோர் பொள்ளாச்சி, ஆனைமலை வழியாகவே அங்குச் செல்ல வேண்டும். வழியில் உள்ள டாப்ஸ்லிப், மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டமையால் அப்பெயர் பெற்றது. வெட்டி அழிந்த ஆனைமலைத் தேக்குக் காட்டை மீண்டும் தழைக்கச் செய்த ஹியூகோ உட் என்னும் வன அதிகாரியின் கல்லறை அவ்விடத்திலேயே உள்ளது. அவர் 1933-இல் மறைந்தார்.

மரம் இத்துணை இருந்தும் நம் முன்னோர் வீட்டில் அலமாரி இல்லை. அவர்கள் பொருளைப் பெட்டியில் வைத்தனர். இவ்வேறுபாடு சிறிதன்று. பெட்டி மேலே திறப்பது. அலமாரி முன்னே திறப்பது. பெட்டியில் அடியில் உள்ளதை எடுக்க மேலுள்ளவை யாவற்றையும் எடுத்தாக வேண்டும். ஆண்டுக்கொருமுறை எடுக்கும் பட்டும், கல்யாணத்துக்கு எடுக்கும் பாத்திரமும், அறுவடையில் நிரப்பி அடுத்த அறுவடை வரை குறைந்து வரும் நெல்லும் வைப்பதற்குப் பெட்டியே தக்கது. நெல் வைக்கும் பெரும்பெட்டியைத் தஞ்சையிலும் பத்தாயம் என்பர்; இங்குள்ள மலையாளிகளும் பத்தாயம் என்றே கூறுவர். பலகைகளைக் காடி வெட்டிக் கோத்து, வேண்டும்போது பிரித்து மீண்டும் பூட்டத்தக்கதாக ஆசாரிமார் இதனைச் செய்தனர். கேரளத்துத் தறவாடுகளில் அதன் மூடிமேல் பாய் விரித்துப் பெரியவர்கள் உறங்கியதும் உண்டு. நெல்லுக்குக் காவலும் ஆயிற்று, கட்டிலும் ஆயிற்று.

நகை வைப்பதற்கு நெட்டூர்ப் பெட்டி. ஈட்டி மரத்தால் செய்து, பித்தளைப் பட்டைகளும் குமிழ்களும் பதித்து, மூடியை வீட்டுக் கூரை போல நாற்புறமும் சரித்து அமைத்த அழகிய சிறு பேழை அது. மட்டாஞ்சேரிக்குச் சென்றவர் அதனைக் காணாது திரும்புதல் அரிது. இன்று விற்பவற்றுள் பெரும்பாலானவை பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்தவை என்பதையும் உடன் சொல்லிவிடுதல் நன்று.

அலமாரியைப் பரப்பியவர் ஐரோப்பியர். போர்த்துக்கேசியர் சொல்லைத் தந்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றி 1795 வரை ஆண்ட டச்சுக்காரர், மேல்விளிம்பு வளைந்த கனத்த இருகதவு அலமாரிகளையும், பித்தளை அணிந்த பெரும்பெட்டிகளையும் தம் வீடுகளில் நிறைத்தனர். அவற்றை ஆலந்திலிருந்து கொண்டு வரவில்லை. மலபாரிலும் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் இருந்த தச்சரே நம் நாட்டு மரத்தால் செய்தனர். வடிவம் அவர்களுடையது, கையும் மரமும் நம்முடையவை. ஆகவே மட்டாஞ்சேரிக் கடையில் டச்சு அலமாரி என்று காட்டப்பெறுவதை டச்சு என்பதா, மலையாளம் என்பதா, தமிழ் என்பதா? மூன்றும் பொருந்தும் என்போம்.

இனி டேனியரைக் காண்போம். டேனியர் என்றவுடன் நம்மவர்க்குத் தரங்கம்பாடியே நினைவுக்கு வரும். தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620-இல் உடன்படிக்கை செய்து அங்குக் கோட்டை கட்டினர். 1845-இல் ஆங்கிலேயர்க்கு விற்றுச் சென்றனர். இத்தொடர்பைக் கொண்டு டேனியத் தேக்குப் பேழைக்கும் தரங்கம்பாடிக்கும் முடிச்சுப் போடுவது எளிது. ஆயினும் வரலாறு அதற்கு இடந்தரவில்லை. பேழை தோன்றியது தரங்கம்பாடி கைமாறி நூறாண்டு கழிந்த பின்னர். அதன் மரம் பெரிதும் வந்தது சயாமிலிருந்து.

அம்மரத்தின் வழி பின்வருமாறு. ஹான்ஸ் நீல்ஸ் ஆண்டர்சன் என்பவர் 1852-இல் டென்மார்க்கில் பிறந்து, கப்பல் தச்சு பயின்று, சயாமுக்குச் சென்றவர். 1884-இல் பாங்காக்கில் வணிக நிலையம் தொடங்கித் தேக்கு மரத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பலானார். 1897-இல் கோபன்ஹேகனில் கிழக்காசியக் கம்பெனி அவரால் நிறுவப்பெற்றது. (அதே 1897-இல்தான் பம்பாயில் கோத்ரெஜ் தொழிலகமும் தோன்றிற்று. பின்னாளில் அதன் எஃகு அலமாரி நம் வீடுகளில் மரப்பெட்டியை ஒதுக்கித் தள்ளியது. கறையானுக்கும் கள்வனுக்கும் அஞ்சிய தாய்மார் அதனை மகிழ்ந்து ஏற்றனர்.) வட சயாமின் காடுகளில் மரம் வெட்டும் உரிமை பெற்ற அக்கம்பெனி, 1912-இல் 'செலாண்டியா' என்னும் டீசல் கப்பலைக் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குச் செலுத்தியது. பெருங்கடல் கடக்கும் டீசல் கப்பல்களுள் முன்னோடியாகப் புகழ்பெற்றது அது. இவ்வாறு கப்பல் மேல்தளத்துக்கெனப் பழகிய மரம், இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் டேனியத் தச்சர் பட்டறைக்குள் நுழைந்தது. வீட்டுப் பொருள்களில் அதனை விரும்பிக் கையாண்டு பிறர்க்கு வழிகாட்டியவருள் முதன்மையானவர் ஃபின் யூல் என்னும் கட்டடக் கலைஞர். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையின் தருமகர்த்தா மன்ற மண்டபத்தை அமைத்தவரும் அவரே.

ஆயினும் டேனியப் பேழையின் பெருமை மரத்தில் மட்டும் இல்லை. அதனை அளந்த முறையில் உள்ளது. இப்பகுதியில் சற்றே நின்று செல்வோம்.

காரே கிளிண்ட் என்பவர் 1924 முதல் கோபன்ஹேகன் அரசு கலைக்கழகத்தில் மரப்பொருள் அமைப்பைக் கற்பித்தவர். பேழைக்கு வடிவம் வரையுமுன் அதனுள் வைக்கப்படுவன யாவை, எத்தனை, எவ்வளவு என்று அளக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தட்டின் விட்டம், கோப்பையின் உயரம், கரண்டியின் நீளம், மடித்த மேசைத்துணியின் அகலம் ஆகியவற்றை அளந்து, அவ்வளவுகளைக் கூட்டி இழுப்பறை அமைத்தார்; இழுப்பறைகளைக் கூட்டிப் பேழை அமைத்தார். உள்ளிருந்து வெளியே வந்த வடிவம் அது. பேரரண்மனைகளுக்கு மரப்பொருள் செய்த பழைய தச்சர்கள் வெளியிருந்து உள்ளே சென்றனர். முகப்பில் தூணும் பூவும் அமைத்து, எஞ்சிய இடத்தில் பொருளை வைத்துக்கொள்ளச் செய்தனர்.

அவர் மாணவர் போர்கே மோகன்சன். டேனியக் கூட்டுறவுச் சங்கங்களின் இணையம் எளிய குடும்பத்தினர்க்கென மரப்பொருள் செய்யத் தொடங்கியபோது, 1942 முதல் 1950 வரை அதன் வடிவமைப்புத் தலைவராயிருந்தார். பின்னர் 1950-களின் முற்பகுதியில் கிரேதே மேயர் என்னும் பெண் கலைஞருடன் சேர்ந்து, ஒரு குடும்பத்தில் சட்டை எத்தனை, விரிப்பு எத்தனை, முள்ளும் கரண்டியும் எத்தனை என்று ஆராய்ந்து, அவ்வெண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் சுவரோடு இணையும் அலமாரித் தொகுதியை உருவாக்கினார். மடித்த சட்டையின் அகலமே தட்டின் ஆழத்தை முடிவு செய்தது. படித்தபோது நமக்குக் கோட்டைக் கொச்சி வெளியில் உள்ள சலவைச் சாலை நினைவுக்கு வந்தது. டச்சுக்காரர் காலந்தொட்டு அங்கு வாழ்பவராகக் கூறப்பெறும் நம் தமிழ் வண்ணார் பெருமக்கள், ஒருவர் மடித்ததும் மற்றவர் மடித்ததும் ஓர் இழை பிசகாது ஒன்றன்மேல் ஒன்றாய் அமையும்படி அடுக்குவர். டேனிய அறிஞர் ஏட்டில் எழுதி அடைந்ததை அவர்கள் கையளவில் அறிந்திருக்கின்றனர்.

அளக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? போருக்குப் பின் டென்மார்க்கில் கட்டிய வீடுகள் சிறியவை. கீல்வைத்த கதவு திறப்பதற்கு முன்னே ஓரடி இடமாவது வேண்டும்; தள்ளு கதவுக்கு வேண்டியதில்லை. ஆகவே தள்ளு கதவு வந்தது. ஹான்ஸ் வேக்னர் போன்றோர், மெல்லிய மரச்சட்டங்களை நெருக்கமாகத் துணியில் ஒட்டி, பாய்போல் வளைந்து மூலைக்குள் மறையும் கதவையும் அமைத்தனர். ஆர்னே வோடர் தம் பேழையில் கைப்பிடியைத் தனியே ஆணியடிக்காது, பலகையின் விளிம்பையே உதடுபோல் குடைந்து விரல் நுழைய வைத்தார். இழுப்பறை முகப்புகளுக்கும் கதவுகளுக்கும் அவர் வண்ணம் பூசியதும் உண்டு. போல் கடோவியுசு இன்னும் ஒருபடி சென்று, 1948-இல் சுவரிலேயே தொங்கும் அலமாரியை உருவாக்கித் தரையை முற்றிலும் விடுவித்தார். தரையில் இடமின்றிச் சுவரைப் பயன்கொள்ளும் அந்நிலை, இன்று கலூரில் இரண்டு படுக்கையறை வீட்டில் வாழும் நம் குடும்பங்களுக்கும் உரியதே.

இவ்விடத்தில் ஒன்று கூறினால் சிலர் வியப்புறுவர். அப்பேழைகளுட் பல முழுத் தேக்கால் ஆனவை அல்ல. உள்ளே ஒட்டுப்பலகையோ மலிவான மரமோ இருக்கும். மேலே தேக்கின் மெல்லிய தகடு ஒட்டப்பட்டிருக்கும். விளிம்பும் காலும் கைப்பிடியுமே முழுமரம். நம் பக்கத்து ஆசாரிமார் இதனை ஏமாற்று என்பர். அவ்வாறு கருதுதல் முறையன்று. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தகடுகளை வரிசை மாறாது ஒட்டினால், மரத்தின் வரி இடக்கதவில் தொடங்கி இழுப்பறைகளைக் கடந்து வலக்கதவில் முடியும். முழுப்பலகையில் அதனைச் செய்தல் மிக அரிது. ஒரு மரம் பல வீடுகளுக்குப் பயன்பட்டதும் அதனாலேயே.

1927 தொடங்கிக் கோபன்ஹேகன் தச்சர் சங்கத்தினர் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தினர். தச்சர் ஒருவரும் கலைஞர் ஒருவரும் இணைந்து புதுப்பொருள் படைப்பது அதன் மரபு. 1950-களில் அமெரிக்கர் அவற்றை விரும்பி வாங்கினர். 1960-இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் வாதிட்டபோது வேக்னரின் நாற்காலிகளே இடப்பட்டிருந்தன. ஆயின் 1966-ஆம் ஆண்டுக் கண்காட்சியே இறுதியாயிற்று. சுவை மாறியது, ஞெகிழியும் வெள்ளைச் சாயமும் விரும்பப்பட்டன, பட்டறைகள் பல மூடின. பழைய தேக்குப் பேழைகள் வண்டிக் கொட்டகைக்கும் நிலவறைக்கும் சென்றன. 1990-களிலிருந்து அவற்றை மீண்டும் தேடி வாங்குகின்றனர். தாய்லாந்து 1989-இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது; பர்மா 2014-இல் உருண்டை மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. டேனியர் கையாண்ட பிரேசில் நாட்டு ஈட்டி 1992 முதல் உலக வணிகத்தில் தடைக்குட்பட்டது. மரம் இனி அவ்வாறு கிடையாது என்ற நிலையில் பழம்பொருளுக்கு மதிப்பேறியதில் வியப்பில்லை.

நம் நாட்டிலும் இதே போன்றதொன்று நிகழ்ந்தது. சண்டிகார் நகரை அமைத்தபோது பியேர் ஜான்னரே என்பார் அரசு அலுவலகங்களுக்கெனத் தேக்கால் நாற்காலியும் மேசையும் அலமாரியும் வடிவமைத்தார். பழையனவாயின என்று கழித்து, பயனற்ற பொருளாக ஏலம் விட்டனர். வெளிநாட்டு ஏலக்கூடங்களில் அவை பெருவிலை பெற்ற பின்னரே, 2011-இல் உள்துறை அமைச்சகம் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை விதித்தது.

மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடத்தின் தெருவில், 1950-களில் தொடங்கி யூதர்கள் இசுரேலுக்குப் பெயர்ந்த பின்னர் பழம்பொருள் கடைகள் நிறைந்தன. தறவாடுகளை இடித்தபோதும் பாகம் பிரித்தபோதும் வெளிவந்த பத்தாயமும் பெட்டியும் கதவும் தூணும் அங்கு வந்து சேர்ந்தன. காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவும் அத்தகையதே. பர்மாத் தேக்கால் கட்டிய செட்டிநாட்டு வீடுகளின் உறுப்புகள் அங்கு அடுக்கப்பட்டுள்ளன. நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் பத்தாயத்தைப் பலகையாகப் பிரித்துப் புதுப்பொருள் செய்வதை எச்சட்டமும் தடுக்காது. பழந்தேக்குக்கு இருக்கும் மதிப்பால் பலவும் அவ்வாறே முடிகின்றன. பத்தாயத்துப் பலகையால் டேனிய மாதிரிச் சைடுபோர்டு செய்து தரும் ஆசாரியும் கிடைப்பார். அதனைக் குறை கூறோம். எரிவதினும் அது மேல். ஆனால் பிரித்த பின் அதன் அளவும் பொருத்தும் எவ்வாறிருந்தன என்பதைச் சொல்வார் இலர். டேனியர் தம் பேழைகளின் வரைபடத்தைப் பேணினர். செய்த பட்டறையின் பெயரையும் தரமுத்திரையையும் பின்பலகையில் பொறித்தனர். நம் ஆசாரிமாரின் பெயர் எப்பலகையிலும் இல்லை.

பழம்பொருள் வாங்க எண்ணுவோர்க்குச் சில குறிப்புகள். இழுப்பறையை முழுதும் வெளியே இழுத்து மூலையை நோக்குக. புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தால் நன்று. வெறும் ஆணி அறைந்திருந்தால் பின்னாளது. அடியைப் பார்க்க, வெளிறு எனப்படும் வெண்ணிற மரம் மிகுந்திருந்தால் இளமரம், வைரம் பாயாதது. சாயம் பூசிக் கறுத்ததா, காலத்தால் கறுத்ததா என்பதும் கதவின் உட்புறத்தில் தெரியும்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில், தஞ்சையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ முன்னோர் கொணர்ந்த பெட்டிகள் இன்னும் உள்ளன. அத்தகையன வைத்திருப்போர் நீளம், அகலம், உயரம் ஆகிய அளவுகளையும், மரம் இன்னதென்பதையும், வந்த ஊரையும், நினைவிலிருந்தால் செய்த ஆசாரியின் பெயரையும் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுப்பாராயின், அடுத்த ஆண்டு மலரில் நிழற்படங்களுடன் வெளியிட எண்ணியுள்ளோம். விற்க முடிவு செய்தவர் விற்பதற்கு முன்னரே எழுதித் தருதல் வேண்டும்.